பின்வீடு நாற்பது அடியில், ரோட்டு வழி ஒன்றரை கிலோமீட்டர்: புது லேஅவுட்டெல்லாம் ஏன் இப்படி?

வடக்குமாசி_பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் நத்தம் ரோட்டுப் பக்கம், ஐயர் பங்களா தாண்டி உள்ளே ஒரு லேஅவுட்டில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். பிறந்து வளர்ந்தது வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில்.

என் பிரச்சினை கொஞ்சம் விசித்திரமானது. எங்கள் தெரு ஒரு ஹாலோபிளாக் சுவரில் போய் முட்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு லேஅவுட். அங்கேயும் ஒரு தெரு அதே சுவரில் வந்து முட்டி நிற்கிறது. அந்தத் தெருவின் கடைசி வீட்டில்தான் என் மகளுக்கு ஹிந்தி டியூஷன். எங்கள் வாசலிலிருந்து அவர்கள் வாசல் நாற்பது அடி இருக்கும். ஆனால் ரோட்டு வழியாகப் போனால் நத்தம் ரோடு வரை வெளியே வந்து, அந்த நெரிசலில் கொஞ்ச தூரம் ஓட்டி, அடுத்த ஆர்ச்சில் திரும்பி, மறுபடி உள்ளே. ஒன்றரை கிலோமீட்டர். இதற்காகவே பிள்ளையை வண்டியில் கொண்டுபோய் விடவேண்டியிருக்கிறது.

பால்காரர் இந்தப் பக்கமே வருவதில்லை. பின் லேஅவுட்டில் வண்டியை நிறுத்திவிட்டுச் சுவருக்கு மேலாகப் பாக்கெட்டை நீட்டுகிறார். வாங்குவதற்கு வசதியாக எங்கள் தெருக்காரர்கள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை அங்கேயே சங்கிலி போட்டு வைத்திருக்கிறோம். வேலைக்கு வரும் அக்கா, சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்து அதில் கால் வைத்து ஏறி வருகிறார். ஐம்பது வயசு அவருக்கு.

மாசி வீதியில் இருந்தவரை இப்படியெல்லாம் யோசித்ததே இல்லை. தேர் மாசி வீதியில் நிற்கிற நாளில்கூட ஆவணி மூல வீதி வழியாகவோ வெளி வீதி வழியாகவோ சுற்றி வீட்டுக்கு வந்துவிடுவோம். இங்கே நத்தம் ரோட்டில் ஒரு லாரி பழுதானால் முடிந்தது.

கேட்க வேண்டியது மூன்று. ஊர் வளர வளரத் தெருக்கள் ஏன் இப்படி ஒன்றோடொன்று சேராமல் போகின்றன? அந்தச் சுவரைத் திறக்க வழி உண்டா? என் தங்கை ஒத்தக்கடைப் பக்கம் மனை பார்க்கிறாள், அவள் எதைப் பார்த்து வாங்கவேண்டும்?

---

மனை_மீடியேட்டர்:

மேடம், புரமோட்டர் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுங்கள். ரோடு போடும் ஒவ்வொரு அடியும் விற்க முடியாத அடி. நடுவில் ஒரே ரோடு, இரண்டு பக்கமும் மனை, கடைசியில் ஒரு வளைவு என்று போட்டால் விற்கிற நிலம் அதிகம். நாலு பக்கமும் திறந்து வைத்தால் குறைவு. இன்னொன்று, வாங்க வருகிறவர்களே "வெளி வண்டி உள்ளே வராதில்ல?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆர்ச், கேட், செக்யூரிட்டி இருந்தால் அந்த மனை சீக்கிரம் போகும். நீங்கள் கேட்பதை நாங்கள் விற்கிறோம்.

---

ஓய்வு_சர்வேயர்:

அம்மா, நிலம் அளக்கிற வேலையில்தான் என் ஆயுசு போனது. முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீடியேட்டர் தம்பி சொன்னது பாதிதான். புரமோட்டருக்கு முன்னாலேயே கோளாறு ஆரம்பித்துவிடுகிறது. உங்கள் பக்கத்து நிலமெல்லாம் முன்பு நஞ்சையும் தோட்டமுமாக இருந்தவை. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது எல்லோருக்கும் ரோட்டு முகம் வேண்டும், எல்லோருக்கும் வாய்க்கால் தண்ணீர் வேண்டும். அதனால் குறுக்கே வெட்டவே மாட்டார்கள், நீளவாக்கில்தான் வெட்டுவார்கள். இரண்டு தலைமுறை போனால் ஒவ்வொரு பாகமும் ஒரு பட்டையாகிவிடும். புலப்படத்தை, அதாவது சர்வே நம்பருக்கான அளவு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், உட்பிரிவுக் கோடுகள் எல்லாம் ஒரே திசையில் ஓடும். அந்தப் பட்டைகளை வேறு வேறு ஆட்கள் வேறு வேறு வருஷத்தில் வாங்கி மனை போடுகிறார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் ஒரு ரோடு, பின்னால் வாய்க்காலிலோ கண்மாய்க் கரையிலோ போய் முட்டும். மொத்தமாகப் பார்த்தால் சீப்பு மாதிரி இருக்கும். பல்லெல்லாம் தெரு, முதுகு நத்தம் ரோடு. ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குப் போக முதுகுக்கு வந்துதான் ஆகவேண்டும். உங்கள் ஒன்றரை கிலோமீட்டர் இதுதான்.

இதற்கு மேல் ஒரு கணக்கு இருக்கிறது. மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் தாண்டினால், ரோடு போக மீதியில் 10 சதவீதத்தை ஓ.எஸ்.ஆர். என்று பூங்காவுக்கோ பொது உபயோகத்துக்கோ எழுதிக்கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம். அதற்குக் கீழே அதுவும் இல்லை. அப்புறம் எவன் பெரிசாகப் போடுவான்? ஒன்பது ஏக்கரை நாலு பேர் பெயரில் நாலாக நறுக்கி, நாலு லேஅவுட்டாகக் கொண்டுவருவார்கள். நாலுக்கும் நடுவில் சுவர். பூங்காவும் போச்சு, குறுக்குத் தெருவும் போச்சு.

உங்கள் பகுதி 2011ல்தான் மாநகராட்சியில் சேர்ந்தது. 72 வார்டு 100 வார்டு ஆன சமயம். அதற்கு முன்பு திருப்பாலை, நாகனாகுளம் எல்லாம் ஊராட்சி. ஊராட்சித் தலைவர் சீல் குத்தினால் "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று நோட்டீஸ் அடித்து விற்ற காலம் அது. சட்டப்படி அது அப்ரூவலே இல்லை, ஆனாலும் பத்திரம் பதிவானது. 2016 செப்டம்பரில் ஹைகோர்ட் தடை போட்டபிறகுதான் நின்றது. 2017ல் வரன்முறை விதிகள் வந்தன, 20.10.2016க்கு முன்னால் போட்ட மனைப்பிரிவுகளைப் பணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்று. நல்லதுதான், ஏழை பாழைகள் வாங்கியது வீணாகவில்லை. ஆனால் அந்தக் கோணல் மாணல் ரோடுகளும் அப்படியே நிலைத்துவிட்டன.

இப்போது பழைய ஊரைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்தார். சுவரையும் அகழியையும் யார் சமன்படுத்துகிறார்களோ அவர்களுக்கு அந்த நிலம் என்று ஏற்பாடு. கேட்டால் தான்தோன்றித்தனம் மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் நிலத்தைக் கொடுப்பதற்கு முன்னால் தெருவுக்குக் கோடு போட்டுவிட்டார்கள். வெளி வீதிகள், மாரட் வீதிகள், பெருமாள் மேஸ்திரி வீதிகள் எல்லாம் அப்போது வந்தவை. மாரட்டும் பெருமாளும் அளந்த ஆட்கள். எங்கள் தொழில்காரர்கள் பெயரில் ஊருக்கு நடுவில் தெரு இருப்பது எனக்குக் கொஞ்சம் பெருமைதான். புதுத் தெருக்கள் நாலு பக்கமும் பழைய மாசி வீதிகளுக்கு இணையாகப் போயின, அதனால் குறுக்குச் சந்துகள் தாமாகவே சேர்ந்தன. அங்கேயும் முட்டுச்சந்து உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முட்டுச்சந்து வாசலிலிருந்து எந்தப் பெரிய வீதிக்கும் ஐந்து நிமிஷ நடைதான்.

வைகைக்கு வடக்கே வீட்டுவசதி வாரியம் போட்ட அண்ணா நகர், கே.கே. நகரிலும் இதே கதைதான். வாரியம் பெரிய துண்டாக நிலம் எடுத்தது, முதலில் ரோடு, அப்புறம் மனை. அங்கே ஒரு தெருவில் பந்தல் போட்டிருந்தால் அடுத்த தெருவில் போகலாம். உங்கள் பக்கத்தில் ரோடு என்பது மனை விற்ற பிறகு மிஞ்சுவது.

இதன் செலவு யார் தலையில்? 2023 ஏப்ரலில் நத்தம் ரோட்டில் தல்லாகுளத்திலிருந்து ஊமச்சிகுளம் வரை 7.3 கிலோமீட்டர் பறக்கும் பாலம் திறந்தார்களே, அந்தப் பாலத்தில் வெளியூர் வண்டி போகிறது, சரி. கீழே இருக்கிற நெரிசலில் பாதி, பால் வாங்கவும் டியூஷன் விடவும் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்குப் போகிற உள்ளூர் வண்டி. அதற்குப் பாலம் எதற்கு? உள்ளே இரண்டு குறுக்குத் தெரு இருந்தால் போதும்.

குழாயும் ரோட்டைப் பின்பற்றித்தான் போகும், அதையும் மறக்காதீர்கள். முட்டில் முடிகிற குடிதண்ணீர்க் குழாயில் கடைசி வீட்டுக்கு அழுத்தம் இருக்காது, தண்ணீரும் தேங்கும். டவுன் பஸ் உள்ளே வராது, வந்தால் திரும்ப இடம் கிடையாது.

சுவரைப் பற்றி அடுத்த பதிவில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள், உங்கள் லேஅவுட் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவலா, வரன்முறை செய்ததா?

---

முட்டுச்சந்து_வாசி:

எல்லோரும் முட்டுச்சந்தை இவ்வளவு கேவலமாகப் பேசுவதால் ஒரு வார்த்தை. நான் இருப்பதும் கடைசி வீடுதான், இடம் மட்டும் திருமங்கலம் ரோட்டுப் பக்கம். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஷட்டில் ஆடுகின்றன, யாரும் பைக்கில் சீறிக்கொண்டு வருவதில்லை. முன்னால் இருந்த வீடு நாற்சந்தி முனை. ராத்திரி இரண்டு மணிக்கும் ஹாரன், மாதத்துக்கு ஒரு விபத்து. என் மாமியார் வாசலில் கோலம் போடவே பயப்படுவார். சுவரைத் திறந்தால் நத்தம் ரோட்டில் நெரிசல் என்று ஷேர் ஆட்டோவெல்லாம் உங்கள் வாசல் வழியாகப் பாயும். அப்போது இதே தளத்தில் வந்து வேறு கேள்வி கேட்பீர்கள் அக்கா.

---

வரைபடக்கிறுக்கன்:

அக்கா, நான் நகரமைப்பு படிக்கிற மாணவன். உங்கள் சுவர் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, மன்னிக்கவும்.

இதை அளக்கவே ஒரு எளிய முறை இருக்கிறது. நடக்கிற தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுக்கவேண்டும். சரியான சதுரக் கட்டமாகத் தெரு போட்ட ஊரில், ஒரு தெருமுனையிலிருந்து எவ்வளவு மோசமான தெருமுனைக்குப் போனாலும் இது சுமார் 1.41 மடங்கைத் தாண்டாது. உங்கள் டியூஷன் கணக்கு நாற்பது அடிக்கு ஒன்றரை கிலோமீட்டர், அதாவது நூற்றிருபது மடங்குக்கு மேல். இன்னொரு முறை, ஒரு பகுதியின் படத்தை எடுத்து முட்டுச்சந்து எத்தனை, முச்சந்தி எத்தனை, நாற்சந்தி எத்தனை என்று எண்ணுவது. வெளி வீதிக்கு உள்ளே ஒரு சதுரமும் நத்தம் ரோட்டுக்குக் கிழக்கே அதே அளவு சதுரமும் எடுத்து எண்ணிப் பாருங்கள், பென்சில் போதும்.

இது மதுரைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்று இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தெருக்களை அவை உருவான காலவாரியாகப் பிரித்து 2015ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுக்கப் புதுத் தெருக்களின் இணைப்பு குறைந்துகொண்டே வந்து, 1994 வாக்கில்தான் மோசத்தின் உச்சத்தைத் தொட்டதாம். பிறகு புதிதாகப் போடும் தெருக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறின. 2020ல் அதே இருவர் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்தின் தரவை வைத்து உலகம் முழுக்கப் பார்த்தார்கள். அங்கே நிலைமை தலைகீழ், உலகில் பல இடங்களில் புதுத் தெருக்கள் இன்னும் துண்டுபட்டுக்கொண்டே போகின்றன. தென்னமெரிக்காவில் பல ஊர்கள் மட்டும் பழைய கட்ட அமைப்பை விளிம்பு வரை நீட்டித்துத் தப்பித்திருக்கின்றன. அந்த ஆய்வில் எனக்கு உறைத்தது என்னவென்றால், வீடு இடியும், கடை மாறும், ஆனால் ஒருமுறை போட்ட தெரு அநேகமாக மாறுவதே இல்லை.

முட்டுச்சந்து_வாசி அக்காவுக்கு: நீங்கள் சொல்வது நியாயம்தான், ஆனால் வண்டியை நிறுத்த ஆளையும் நிறுத்தவேண்டியதில்லை. அமெரிக்காவில் நியூஜெர்சியில் ராட்பர்ன் என்ற ஊர் 1929ல் உருவானது. அங்கே கார் போகும் தெருவெல்லாம் முட்டுச்சந்துதான். ஆனால் வீடுகளின் மறுபக்கம் நடைபாதை, அது பூங்கா வழியாகப் போய் பள்ளிக்கூடம் வரை சேரும். பின்னால் வந்த புறநகர்க்காரர்கள் முட்டுச்சந்தை மட்டும் காப்பி அடித்து, நடைபாதையை விட்டுவிட்டார்கள். உங்கள் சுவரில் மூன்றடி வழி விட்டு நடுவில் ஒரு கல்தூண் நட்டால் ஷேர் ஆட்டோ வராது, டியூஷன் பிள்ளை போகும்.

சர்வேயர் ஐயா சொன்ன பட்டைக்கு மருந்து அகமதாபாத்தில் இருக்கிறது. நகரமைப்புத் திட்டம் என்று சுமார் நூறு ஹெக்டேர் நிலத்தை மொத்தமாக எடுப்பார்கள். எல்லா உரிமையாளர்களிடமும் ஒரு பங்கைக் கழித்து, அதில் ரோடும் பூங்காவும் போட்டு, மீதியை ஒழுங்கான மனையாக வெட்டி அவரவருக்கே திருப்பிக் கொடுப்பார்கள். பம்பாய் மாகாணத்தின் 1915 சட்டத்தில் ஆரம்பித்த வழி. அங்கே சர்தார் பட்டேல் ரிங் ரோட்டுக்கான நிலத்தில் பெரும்பகுதியை இப்படித்தான் சேர்த்தார்கள்.

---

ஓய்வு_சர்வேயர்:

தம்பி, நம் மாகாணத்துக்கும் 1920லேயே நகரமைப்புச் சட்டம் வந்துவிட்டது. 1971 சட்டத்தில் விரிவான அபிவிருத்தித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, ரோட்டைப் படத்தில் முன்கூட்டியே குறித்துவிடலாம். படத்தில் அறுபது அடி ரோடு இருக்கும். இடத்தில் போய் நின்றால் அந்த அறுபது அடிக்குள் மூன்று வீடும் ஒரு விநாயகர் கோயிலும் இருக்கும். நிலத்தைக் கையில் எடுக்காமல் கோடு மட்டும் போட்டால் அப்படித்தான். அகமதாபாத்காரன் கோடு போடும்போதே மாற்று நிலத்தையும் கொடுத்துவிடுகிறான், வித்தியாசம் அவ்வளவுதான்.

---

வடக்குமாசி_பொண்ணு:

ஐயா, எங்களுடையது டி.டி.சி.பி. அப்ரூவல். பின்னால் இருப்பதும் அப்படித்தான் என்று டியூஷன் டீச்சர் சொல்கிறார். சுவரைக் கட்டியது யார் என்று இரண்டு பக்கமும் கேட்டோம். எங்கள் பக்கத்துக்காரர்கள் அவர்கள் கட்டினது என்கிறார்கள், அவர்கள் எங்களைச் சொல்கிறார்கள்.

முட்டுச்சந்து_வாசி, உங்கள் பயம் எனக்கும் இருக்கிறது. எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டுக்காரர்கள் திறக்கவே கூடாது என்கிறார்கள். அதில் ஒருவர் சுவரை ஒட்டிக் கார் நிறுத்துகிறார், அவர் கவலை வேறு. தம்பி சொன்ன மூன்றடி வழிக்கு மற்ற இருவரும் சம்மதிக்கலாம்.

---

ஓய்வு_சர்வேயர்:

அப்ரூவல் என்றால் பாதி வேலை முடிந்தது. மனைப்பிரிவுக்கு இறுதி ஒப்புதல் வாங்குமுன் உள்ளே இருக்கிற ரோட்டையெல்லாம் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். கொடுத்த பிறகு அது புரமோட்டர் ரோடும் இல்லை, சங்கத்து ரோடும் இல்லை. பொது ரோடு. அதன் குறுக்கே சுவர் நின்றால் ஆக்கிரமிப்பு.

முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் சர்வே நம்பருக்கு வில்லங்கச் சான்று போடுங்கள், தானப் பத்திரம் அதில் வரும். நகல் எடுத்து அளவைப் படியுங்கள். ரோட்டின் நீளம் லேஅவுட் எல்லை வரை எழுதியிருக்கிறதா, ஓரடி ஈரடி முன்னாலேயே நிற்கிறதா என்பதுதான் விஷயம். சில விவரமான ஆட்கள் ரோட்டின் கடைசியில் ஓரடிப் பட்டையைத் தம் பெயரிலேயே வைத்துக்கொள்வார்கள், பக்கத்து நிலத்தை வாங்க வருகிறவனிடம் அந்த ஓரடிக்குத் தனியாக விலை பேச. நான் அளந்த இடங்களில் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் வழக்கு வேறு மாதிரிப் போகும். எல்லை வரை எழுதியிருந்தால், பின் லேஅவுட்டுக்கும் இதேபோல் நகல் எடுங்கள். இரண்டு ரோடும் ஒரே எல்லைக் கல்லில் சந்திக்கின்றன என்று புலப்படத்தில் காட்டிவிட்டால் போதும். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு மாநகராட்சி ஆணையருக்கு மனு. நடைவழி மட்டும் கேட்பதாக இருந்தால் அதையே எழுதுங்கள், எதிர்ப்பு குறையும். சுவரை நீங்களாக இடிக்காதீர்கள்.

தங்கைக்கு: ரோடு எத்தனை அடி என்று மட்டும் கேட்காமல், லேஅவுட் படத்தில் ரோடுகள் நிலத்தின் எல்லை வரை போகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒப்புதல் போட்ட அலுவலர் விவரமானவராக இருந்தால் பக்கத்துக் காட்டுக்கும் ஒரு ரோட்டை எல்லை வரை இழுத்திருப்பார். இன்றைக்கு அது முள்வேலியில் போய் நிற்கும், பார்க்க அசிங்கமாக இருக்கும். அந்த லேஅவுட்டை வாங்கலாம். கடைசியில் வட்டமாகத் திரும்பி அழகாக முடிந்திருந்தால் யோசிக்கவும். கூடவே புலப்படத்தில் வண்டிப்பாதை என்று புள்ளிக்கோடு இருக்கிறதா என்று பார்க்கணும். மனைக்குப் பக்கத்தில் அது போனால் நல்லது, நாளைக்குக் குறுக்குத் தெரு வர வாய்ப்பு அதில்தான். வாய்க்கால் புறம்போக்கு குறுக்கே போனால் அதன்மேல் சிறு பாலம் போட அனுமதி இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த வாய்க்கால்தான் உங்கள் சுவர்.

---

வடக்குமாசி_பொண்ணு:

ரொம்ப நன்றி ஐயா. வில்லங்கச் சான்றுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டேன். பின் லேஅவுட் சர்வே நம்பர் டீச்சரிடம் வாங்கவேண்டும், இன்று பால் வாங்கும்போது சுவருக்கு மேலாகக் கேட்கிறேன். தானப் பத்திரம் கிடைத்ததும் அளவை இங்கே போடுகிறேன். மீட்டரில் இருக்குமா, லிங்க்ஸில் இருக்குமா?

---

ஓய்வு_சர்வேயர்:

மீட்டரில் இருக்கும். பழைய புலப்படத்தில் மட்டும் லிங்க்ஸ் வரலாம், ஒரு லிங்க் 0.66 அடி. இரண்டையும் போடுங்கள், ஒத்துப்பார்த்துச் சொல்கிறேன்.